உங்களுக்குத் தெரியுமா? ஃபோர்ட் கேனிங்கில் ஓர் அரண்மனை இருந்தது

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் சிவப்புத் தட ரயிலேறி டோபி காட்டில் இறங்கினால், 14ஆம் நூற்றாண்டு அரசர்கள் வாழ்ந்த ஃபோர்ட் கேனிங் மலைக்கு நடந்தே போகலாம். அரண்மனை எங்கே என்கிறீர்களா? கட்டடம் எஞ்சவில்லை. எகிப்திலும் இதே நிலைதான். மன்னர் மூன்றாம் அமென்ஹோதெப் மல்கட்டாவில் பச்சைச் செங்கல்லால் கட்டிய அரண்மனை தரைமட்டமாகிவிட்டது. ஆனால் பாறையில் குடைந்த அவரது கல்லறை நிற்கிறது. எனவே கட்டடம் இல்லை என்பதற்காக அரண்மனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஃபோர்ட் கேனிங்கில் இருந்த மர அரண்மனை மட்கிப்போனது. ஆனால் 1822இல் மலையேறிய பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் செங்கல் அடித்தளங்களைக் கண்டு குறித்துவைத்தார். 1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது, காலனின் முகம் பொறித்த பொன் தோள்வளை கிடைத்தது.

மலையில் கடைசி அரசர் இஸ்கந்தர் ஷாவின் பெயரிலுள்ள சமாதியே போதுமே என்று சிலர் சொல்லலாம். அது உறுதியான சான்றல்ல. அந்த அரசர் மலாக்காவுக்குப் போய்விட்டார் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. அந்தப் பொன் தோள்வளை யாரோ ஒரு வணிகருடையதாக இருக்கக்கூடாதா? இருக்கலாம், ஆனால் வணிகம் நடந்தது ஆற்றோரத்தில். சாமானியர் ஏறக்கூடாத மலை இது என்கிறது மலாய் மரபு. அடித்தளம், அணிகலன், மரபு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சமாதியைவிட வலுவான சாட்சி மண்ணுக்குள்தான் இருந்திருக்கிறது.