நான்கு மீட்டருக்குள் ஒரு கார்

சந்தையில் உள்ள பல சிறிய கார்களின் விளக்கக் கையேட்டில் நீளம் 3,995 மில்லிமீட்டர் என்றே அச்சிடப்பட்டிருக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் கார்கள் ஒரே அளவில் வந்து நிற்பது தற்செயல் அன்று. அதற்குக் காரணம் வரிவிதிப்பு.

2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நீளம் நான்கு மீட்டரைத் தாண்டலாகாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்கும் டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்கும் மிகலாகாது என்பவை நிபந்தனைகள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்த வரையறை நீடித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வரம்புக்குள் அடங்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி 18 விழுக்காடு. மீறுபவற்றுக்கு 40 விழுக்காடு.

கார் ஆர்வலர்களின் மனக்குறை இங்கிருந்தே தொடங்குகிறது. செடான் காருக்கு அழகே நீண்டு சரியும் பின்புறம்தான். வரிக்காக அதை வெட்டிவிட்டார்கள் என்பர் ஒரு சாரார். மாருதி சுசுகி டிசையர் இதற்கு நல்ல சான்று. 2008இல் வந்த முதல் டிசையரின் டிக்கி 440 லிட்டர் கொள்ளளவு உடையது. 2012இல் நீளம் 3,995 மில்லிமீட்டராகக் குறைந்தபோது டிக்கியும் 316 லிட்டராகச் சுருங்கியது. ஆயினும் பொறியாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2017இல் அதே நீளத்துக்குள் 378 லிட்டர் இடத்தை உண்டாக்கினர்.

மற்றொரு விவாதம் என்ஜினைப் பற்றியது. சிறிய என்ஜினிலிருந்து மிகுந்த ஆற்றல் பெற மூன்று சிலிண்டர்களுடன் டர்போவைப் பொருத்துவது இன்று பரவலான வழக்கம். டர்போ, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே செலுத்துகிறது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது அவ்விசை குறைவு. ஆகவே உந்துதல் சற்றுத் தாமதித்தே கிட்டும். நான்கு சிலிண்டர் என்ஜினின் மென்மையான ஓட்டம் இதில் இல்லை என்பதும் ஆர்வலர்கள் சொல்லும் குறையே.

பெங்களூரு ஈஜிபுராவில் வசிப்போர்க்கு இவ்விவாதம் அன்றாட அனுபவம். 2017இல் தொடங்கிய மேம்பாலப் பணி நெடுங்காலம் முடிவுறாமல் இழுத்தடித்ததால், கோரமங்களா நோக்கிய பயணம் பெரும்பாலும் முதல், இரண்டாம் கியர்களிலேயே நடந்தது. அத்தகைய நெரிசலில் டர்போவின் முழு ஆற்றலுக்கு வேலையில்லை. ஆனால் குறுக்குத் தெருக்களில் திருப்பவும் வீட்டு வாசலில் நிறுத்தவும் நீளம் குறைந்த கார் பெரும் வசதி. இடநெருக்கடி மிகுந்த ஜப்பானிலும் 3.4 மீட்டர் நீளம், 660 சி.சி. என்ற வரம்புக்குள் 'கெய்' எனும் சிறுகார் வகை சலுகைகளோடு செழித்திருக்கிறது.

இனி, பணக்கணக்கைப் பார்ப்போம். வரிக்கு முந்தைய விலை ரூ. 7 லட்சம் என்று கொள்வோம். 18 விழுக்காட்டில் அது ரூ. 8.26 லட்சம் ஆகும்; 40 விழுக்காட்டில் ரூ. 9.80 லட்சம். வேறுபாடு ரூ. 1.54 லட்சம். இத்தொகையை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 3,200 கூடும். ஆயுட்கால சாலை வரியும் விலையையொட்டியே கணக்கிடப்படுவதால் இடைவெளி மேலும் விரியும்.

எனவே கடனுக்கு விண்ணப்பிக்குமுன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சோதனை ஓட்டத்துக்குக் குடும்பத்தார் அனைவரையும் அழைத்துச் சென்று, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளையும் டிக்கியில் வைத்துப் பாருங்கள். காலியான சாலையில் மட்டுமன்றி நெரிசலிலும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டெப்னி உண்டா என்றும் கேளுங்கள். டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பங்க்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என 2020இல் விதி தளர்த்தப்பட்டுள்ளது.

குறைந்த வரி நல்ல சலுகைதான். ஆனால் ஐவர் கொண்ட குடும்பம் இடம் போதாமல் இரண்டே ஆண்டுகளில் காரை விற்க நேர்ந்தால், மிச்சப்படுத்திய தொகை மறுவிற்பனை நட்டத்திலேயே கரைந்துவிடும். தேவையை முதலில் அளந்து, வரியைப் பிறகு கணக்கிடுவதே சரியான வரிசை.