வடிகட்டி மாட்டிக்கொண்டதா? சுத்தியலைக் கீழே வையுங்கள்!

சில வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்கை சிப்பூட் பக்கம் மைத்துனர் வீட்டு வாசலில் பழைய ஹோண்டா சி 70 மோட்டாரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணெய் வடிகட்டியைச் சுத்தம் செய்ய வலப்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். ஸ்குருக்களில் இரண்டு அசையவில்லை.

"விடுங்க மச்சான், ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடலாம்" என்றார் அவர். நான் கேட்கவில்லை. உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. ஸ்குரு வரவில்லை, மூடியின் ஓரம்தான் உடைந்து கையோடு வந்தது. மறுநாள் வேலைக்குப் போக மோட்டார் இல்லை.

ஒரு நாள் வேலை போனால் என்ன ஆகும் என்று தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அந்தக் கணக்கில் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 சென். லயத்தில் இருந்த காலத்தில் பெரட்டுக்கு நடந்தே போனோம். பால்மரம் போய், செம்பனையும் வீடமைப்பும் வந்தபின், ஈப்போ, சிம்மோர் பக்கம் தாமான்களில் குடியேறிய நமக்கு மோட்டார்தான் கால். அந்தக் காலை நாமே உடைத்துக்கொள்ளலாமா?

முதலில் உங்கள் மோட்டார் எந்த வகை என்று பாருங்கள். 1958-இல் ஜப்பானில் பிறந்தது ஹோண்டா கப். அதோடு 'சிறியது' என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து நம் ஊரில் 'கப்சாய்' ஆனது. பழைய கப்சாயில் காகித வடிகட்டி கிடையாது. வலப்பக்கப் பெரிய மூடிக்குள் அடியில் ஒரு கம்பி வலை இருக்கும். கிளட்சின் முகத்தில் உள்ள வட்ட மூடிக்குள், சுழற்சியால் ஒதுங்கிய இரும்புத் தூள் களிம்பாகப் படிந்திருக்கும். யமஹா எல்சி 135 போன்ற பின்னாளைய மோட்டார்களில், போல்ட் போட்ட சிறு மூடிக்குள் காகித வடிகட்டி இருக்கும். பெரிய மோட்டார்களில் சில, டப்பா போன்ற வடிகட்டியையே திருகிப் பொருத்தியவை.

ஏன் மாட்டிக்கொள்கிறது?

மூடி அலுமினியம், ஸ்குரு இரும்பு. மழைத் தண்ணீரும் சேறும் இடையில் புகுந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். போன தடவை மாட்டியவர் 'இறுக்கினால் ஒழுகாது' என்று பலத்தைக் காட்டியிருந்தால் அதுவும் சேரும். ரப்பர் வளையத்தை எண்ணெய் தடவாமல் போட்டிருந்தால் அது சூட்டில் ஒட்டிவிடும்.

எப்படிக் கழற்றுவது?

முதல் நாள் இரவே ஸ்குருக்களைச் சுற்றித் துரு எடுக்கும் எண்ணெய் விடுங்கள். காலையில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். புகைக்குழாயில் கை பட்டுவிடாமல் பாருங்கள். நெருப்பு மட்டும் காட்டவே கூடாது. பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது. எண்ணெயை ஒரு டின்னில் வடித்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

ஜப்பான் மோட்டாரின் கூட்டல் குறி ஸ்குருவும் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்குரு டிரைவரும் சரியாகப் பொருந்தாது, தலை தேய்ந்துவிடும். ஜப்பான் அளவு டிரைவரை வாங்கி வையுங்கள். அதிலும் அசையாததற்கு இம்பாக்ட் டிரைவர்தான் மருந்து. அதைக் கழற்றும் பக்கம் திருப்பி, ஸ்குருவில் நேராக நிறுத்தி, பின்னால் சுத்தியலால் தட்டினால் அடியின் வேகமே ஸ்குருவைத் திருப்பும். சுத்தியலுக்கு வேலை அங்கேதான். மூடியின் மேல் அல்ல.

ஸ்குரு வந்தும் மூடி வரவில்லையா? மரக்கட்டையை வைத்து ஓரத்தில் மெல்லச் சுற்றித் தட்டுங்கள். இடுக்கில் டிரைவரைச் சொருகி நெம்பாதீர்கள். ஒரு கீறல் போதும், பிறகு அந்த இடத்தில் எண்ணெய் கசியும். டப்பா வகைக்கு வார்பட்டைச் சாவி இருக்கிறது. டப்பாவைக் குத்தித் திருகினால் தகரம் கிழிந்துபோகும், அடிப்பாகம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மாட்டும்போது கவனம்

அடுத்த தடவை கஷ்டப்படாமல் இருக்க இன்றைக்கே வழி செய்யுங்கள். வலையையும் களிம்பையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். புது கேஸ்கெட், புது ரப்பர் வளையம் போட்டு, வளையத்தில் எண்ணெய் தடவுங்கள். ஸ்பிரிங் இருந்தால் கழற்றிய வரிசையிலேயே திரும்ப வையுங்கள். 6 மில்லிமீட்டர் போல்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஸ்பேனரின் நடுவில் பிடித்து மணிக்கட்டு பலத்தால் இறுக்கினால் சரி. எண்ணெய் ஊற்றி ஓடவிட்டு, கசிவு பாருங்கள். நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து அளவுகோலையும் பாருங்கள். கழிவு எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, தள்ளிக்கொண்டு போங்கள். அன்று என் மைத்துனர் சொன்னதும் அதுதான். புது மூடி வாங்கி மாட்டிய பிறகுதான் எனக்கு அது விளங்கியது.