மட்ரிட் நகரின் பழைய மதில்

ஸ்பெயின் தேசம் என்றவுடன் குர்துபாப் பள்ளிவாசலும் கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையுமே பாலமுனை, கல்முனைக் கரையோர மக்களாகிய நமக்கு நினைவில் எழுகின்றன எனினும், அத்தேசத்தின் ராஜதானியாகிய மட்ரிட் நகரமும், ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவை ஆண்ட அமீர் முதலாம் முஹம்மது, மன்சனாரெஸ் நதியை நோக்கிய மேட்டில் எழுப்பிய கோட்டையிலிருந்தே விருத்தியுற்றது என்பதைப் பலர் அறியார். இரண்டாம் பிலிப் மன்னர் தமது அரசவையை அங்கு மாற்றியது 1561ஆம் ஆண்டில்தான். அரண்மனையையும் அதன் எதிரேயுள்ள அல்முதேனா தேவாலயத்தையும் தரிசிக்கும் யாத்திரிகர், அருகிலுள்ள சரிவான வீதியில் சற்றே இறங்கினால், சிக்கிமுக்கிக் கற்களையும் சுண்ணக்கற்களையும் அடுக்கிக் கட்டிய அந்த ஆதி மதிலின் ஒரு பகுதியையும், அதையொட்டி அமீரின் நாமத்தைத் தாங்கிய பூங்காவையும் காணலாம். அந்நகருக்குச் செல்லும் பாக்கியம் வாய்த்தால், அம்மதிலைப் பாராமல் திரும்பாதீர்கள்.