மகோதர நீரில் கிருமி புகுந்தால்

ஈரல் சுருக்க நோயில் வயிறு உப்பிப்போவதைப் பலர் பார்த்திருப்போம். மகோதரம் என்பார்கள் பெரியவர்கள். அந்த நீரில் கிருமி புகுந்தால் அது பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் செய்வதில்லை. சிலருக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வரும். சிலருக்கு இரண்டுமே இருக்காது. நோயாளி பகலெல்லாம் தூங்கி வழிவார், பேச்சு குழறும், சிறுநீர் குறையும். வீட்டில் இருப்பவர்கள் அசதி என்று விட்டுவிடுவார்கள்.

குடலில் ஓட்டை எதுவும் விழாமலே இந்தத் தொற்று வருகிறது. குடலில் குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள்தாம் பெரும்பாலும் காரணம். ஈரல் இறுகினால் குடலிலிருந்து வரும் ரத்தம் தேங்குகிறது. குடல் சுவர் கசிகிறது. நழுவி வரும் கிருமிகளைப் பிடித்து அழிக்கும் தெம்பும் ஈரலுக்கு இல்லை. வயிற்று நீரில் புரதம் குறைந்தவர்களுக்கும், ரத்த வாந்தி எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

கண்டுபிடிக்க ஸ்கேன் போதாது. நீரை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இடது அடிவயிற்றில் மரத்துப்போக மருந்து போட்டு, மெல்லிய ஊசியைச் செலுத்தினால் வெளிர்மஞ்சள் நீர் சிரிஞ்சில் ஏறும். அதில் 10 மில்லியைக் கட்டிலருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றிவிட வேண்டும். வெறும் குழாயில் ஆய்வகத்துக்கு அனுப்பினால், கிருமி இருந்தும் வளராமல் போவது அடிக்கடி நடக்கிறது. மீதி நீரில் வெள்ளணுக்களை எண்ணுவார்கள். ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை காத்திருப்பது தவறு.

வெளியிலிருந்து தொற்றோடு வருபவருக்கு வழக்கமாக செஃபோடாக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசி மருந்துகள், ஐந்து முதல் ஏழு நாள். மருத்துவமனையில் இருக்கும்போதே தொற்றியிருந்தால் இவற்றுக்கு மசியாத கிருமியாக இருக்கலாம். வீரியம் கூடிய மருந்து தேவைப்படும். இரண்டு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்து, அணுக்கள் குறைகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

ஆனால் இந்த நோயில் ஆளைச் சாய்ப்பது பல சமயம் கிருமி அல்ல, சிறுநீரகச் செயலிழப்பு. 1999-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 126 பேரிடம் செய்த ஆய்வு இதில் திருப்புமுனை. ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. அதோடு முதல் நாளும் மூன்றாம் நாளும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றிக்கொண்டவர்களில் 10 சதவீதம்தான். மருத்துவமனையில் நேர்ந்த மரணமும் 29 சதவீதத்திலிருந்து 10-ஆகக் குறைந்தது. ஆல்புமின் விலை கூடியதுதான். டயாலிசிஸ் செலவோடு ஒப்பிட்டால் அதைக் கஞ்சத்தனம் காட்டும் இடமாக நான் நினைக்கவில்லை.

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு மிக அதிகம். எனவே தடுப்பு மாத்திரையும், ஈரல் மாற்று சிகிச்சை பற்றிய யோசனையும் தேவை.

“தண்ணி எடுத்தா ஆள் பலவீனமாயிடுவார்” என்று கையெழுத்துப் போட மறுக்கும் உறவினர்கள் உண்டு. பரிசோதனைக்கு எடுப்பது சில கரண்டி நீர்தான். பெரிய ரத்தக்கசிவு மிக அபூர்வம். தாமதமோ உயிரைப் பறிக்கும். வயிற்றில் நீர் கோத்தவரை மருத்துவமனையில் சேர்த்தால், அன்றைக்கே நீர்ப் பரிசோதனை ஆயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.