சுகர் இறங்காததற்கு மனசும் காரணமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில், மாந்தோப்பு ஓரமாகக் காலையில் கைவீசி நடக்கிறவர்களில் பலரை அங்கே அனுப்பிவைத்தது சுகர்தான். அவர்களில் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிடுகிறார். கேன்வாஸ் ஷூ திண்ணைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. கேட்டால், "எந்திரிக்கவே பிடிக்கலப்பா" என்கிறார். அந்த மாதம் சுகரும் எகிறிவிடுகிறது.

நடக்காததால் சுகர் ஏறியது என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஏன் நடக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் "பிடிக்கல" ஒருவேளை மனச்சோர்வாக (வாரக்கணக்கில் நீடிக்கும் மனத்தளர்ச்சி நோய்) இருக்கலாம்.

கவலை வேறு, இது வேறா? வேறுதான். வந்த காரணம் தீர்ந்தால் கவலை பெரும்பாலும் போய்விடும். மனச்சோர்வு உள்ளவர் அழுதுகொண்டே இருப்பார் என்றும் இல்லை. நம் பக்கத்தில் அது உடம்பின் பேரைச் சொல்லிக்கொண்டே வருகிறது: ஒரே அசதி, விடியுமுன்பே விழிப்பு, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. அதனால்தான் டாக்டருக்கும் சட்டென்று பிடிபடுவதில்லை.

சுகருக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? நீண்ட துயரத்துக்குப் பின் சர்க்கரை நோய் வருகிறது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்தார். மனசு அழுத்தத்தில் இருக்கும்போது உடம்பில் கார்ட்டிசால் (நெருக்கடி நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்) கூடுகிறது, அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. இன்னொரு காரணம் அன்றாடத்தில் இருக்கிறது. மனசு சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், சமைக்காமல் கடையில் புரோட்டா வாங்கிக்கொள்வார், காலில் பட்ட காயத்தைக் கவனிக்கமாட்டார். சுகர் ஏறும். ஏறிய சுகர் அசதியைத் தரும், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பையும் தரும். ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் என்றால் தூக்கமும் மாத்திரை நேரமும் கூடவே குலையும்.

இது எத்தனை பேருக்கு வரும்? தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு. சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

எனக்கு இருப்பது மனச்சோர்வுதான் என்று எப்படித் தெரியும்? கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனசு பாரமாக இருந்ததா, வழக்கமாகப் பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் எல்லா அசதியும் மனச்சோர்வு அல்ல. சுகர் இறங்கினாலும் (தாழ்சர்க்கரை) படபடப்பும் எரிச்சலும் வரும். தைராய்டு குறைந்தாலும் சோர்வு வரும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் போடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் ஆளைத் தளர்த்தும். இவற்றையும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

மனசுக்கு மாத்திரை போட்டால் சுகர் ஏறாதா? சில மாத்திரைகள் எடையைக் கூட்டும், அதனால் சுகரும் ஏறலாம். சில கூட்டாது. உங்களுக்குச் சுகர் இருப்பதையும், போடுகிற எல்லா மாத்திரைகளையும் மனநல மருத்துவரிடம் சொன்னால் அவர் பார்த்துக் கொடுப்பார். மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள். மாத்திரையே இல்லாமல் பேச்சு சிகிச்சையில் (ஆலோசகரிடம் முறையாகப் பேசித் தேறுவது) குணமாகிறவர்களும் உண்டு.

இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் பலன் இருக்கிறதா? சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் இரண்டு நோயும் உள்ள 404 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. சுமார் பாதிப்பேரை ஒரு பணியாளர் தொடர்ந்து விசாரித்து, அவர்கள் நிலையை மனநல, சர்க்கரை மருத்துவர்களோடு கலந்து பேசினார். இரண்டு வருடத்தில் இவர்களில் 71.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், பிரஷர், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 57.4 சதவீதம். விசாரிக்க ஓர் ஆள் இருந்தது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் வீட்டில் இருப்பவர்கள்? திட்டாதீர்கள். விறகடுப்பில் பால் சுண்டும் வாசனை தெருவரைக்கும் வருகிற பால்கோவா ஊரில் இருந்துகொண்டு, கல்யாண வீட்டில் ஒரு விள்ளலை எடுத்தவரை நாலு பேர் முன்னால் "உனக்குத்தான் சுகராச்சே" என்பது மருந்தாகாது. அடுத்தமுறை அவர் ஒளிந்து சாப்பிடுவார், சுகர் பார்க்கவும் பயப்படுவார். அதைவிட, நாளைக் காலை ஷூவைத் தட்டி வைத்துவிட்டு, "வாங்க, கூட வர்றேன்" என்று பத்து நிமிடம் நடங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிறவரிடமும் தூக்கம் இல்லாததைச் சொல்லலாம். அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் என்றைக்கு வருகிறார் என்று கேட்டுவையுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.