வேனில் போய்ப் பூமியை அளப்போம்!

கோடை விடுமுறை வந்ததும் வாடகை வேன் ஒன்றைப் பேசிக்கொண்டு, அப்பா, அம்மா, சித்தி, சித்தப்பா, பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேராகக் கிளம்புவது நம் ஊர்ப் பழக்கம். புளிசாதமும் முறுக்கும் கூடவே வரும். இந்த முறை அவற்றோடு வேறு சில சாமான்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மீட்டர் அளவுகோல், ஒரு துண்டு கெட்டி அட்டை, குண்டூசி, நூல், நூலில் கட்ட ஒரு சிறு கல், காலியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில். இவற்றைக் கொண்டு இந்தப் பூமியின் சுற்றளவையே அளந்துவிடலாம் என்றால் நம்புவீர்களா?

நாம் போகப்போகும் வழி ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை. தேசிய நெடுஞ்சாலை 44-இன் தென்கோடிப் பகுதி அது. ஸ்ரீநகரில் தொடங்கி 3,700 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடிவரும் இந்தச் சாலை கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு குமரிமுனையில் போய் முடிகிறது. இதில் இந்தப் பாதையை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம்? தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். ஓசூரும் கன்னியாகுமரியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. வித்தியாசம் அரைப் பாகைகூட இல்லை. ஒன்று நேர் வடக்கு, மற்றது நேர் தெற்கு. பூமியை அளக்க விரும்புகிறவனுக்கு இதைவிட வசதியான சாலை கிடைப்பது அரிது.

ஓசூரை விட்டுப் புறப்படும்போது காலிப் பாட்டிலை நன்றாக மூடி இறுக்கி ஜன்னலோரம் வையுங்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் 280 மீட்டர்தான். சேலத்தை அடைந்ததும் பாட்டிலைப் பாருங்கள். யாரோ கையால் அமுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது ஓசூர்க் காற்று. வெளியே அழுத்துவதோ அதைவிட அழுத்தம் மிகுந்த சேலத்துக் காற்று. கன்னியாகுமரிக்குப் போய்ச் சேரும்போது இன்னும் கொஞ்சம் ஒடுங்கும். 900 மீட்டர் இறங்கினால் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுகிறது.

தருமபுரியைத் தாண்டிச் சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் வரும். இங்கே வேனில் யாரும் தூங்க வேண்டாம். கணவாயின் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னே போகும் வாகனங்கள் மீது மோதிய விபத்துகள் பல. எத்தனையோ குடும்பங்கள் இங்கே தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்திருக்கின்றன. விதி என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதைவிட, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது மேல்.

உயரத்தில் இருக்கும் பொருளுக்கு நிலை ஆற்றல் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். 30 டன் எடையுள்ள லாரி ஒன்று 100 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 3 கோடி ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். ஓட்டுநர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாறும். சாதாரணத் தண்ணீர் 100 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது! பிரேக் டிரம் சூடேறி விரிகிறது. பிரேக் கட்டையின் பிடிமானம் குறைகிறது. திரவப் பிரேக் உள்ள வண்டிகளில் அந்தத் திரவமே கொதித்து ஆவியாகிவிடலாம். ஆவி அமுங்கக்கூடியது. மிதித்த மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

இதற்கு வழி என்ன? மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். கீழ்க் கியரில் வண்டி இறங்கும்போது சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. அந்த வேலையிலேயே ஆற்றலின் பெரும்பகுதி செலவாகிவிடும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். டீசலை மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர், எஞ்சின் சும்மா தரும் இந்த உதவியை உதறிவிட்டுத் தம் உயிரையும் முன்னால் போகிறவர் உயிரையும் பிரேக் கட்டையின் மேல் பந்தயம் வைக்கிறார். உங்கள் வேன் ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று பின்னாலிருந்தே கவனிக்கலாம். கீழ்க் கியரென்றால் எஞ்சின் உறுமும். சத்தமே இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனால், “அண்ணே, கியரில் இறங்குங்கள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி நம் அளவைக்கு வருவோம். கி.மு. 240-ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர், எகிப்தின் தென்பகுதியில் உள்ள சையீன் நகரில் ஆண்டின் மிக நீண்ட பகலன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதை அறிந்திருந்தார். அதே வேளையில் வடக்கே அலெக்சாந்திரியாவில் சூரியன் உச்சியிலிருந்து வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தது. அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும் அல்லவா? அதைத்தான் அவர் செய்தார். அவர் காத்திருந்தது ஆண்டுக்கு ஒரு நாள். நாமோ வெப்பமண்டலத்தில் நன்றாக உள்ளே இருக்கிறோம். நம் ஒவ்வோர் ஊரிலும் சூரியன் ஆண்டுக்கு இரண்டு நாள் நேர் உச்சிக்கு வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 அல்லது 11-இல். ஓசூரில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி. பிறகு ஆகஸ்டு, செப்டம்பரில் திரும்பி வரும்போது மறுபடியும் ஒருமுறை. ஆகவே மே முதல் நாள் நண்பகலில் நம் பாதை முழுவதிலும் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். நிழல் தெற்கே விழும். நம்பாதவர்கள் வெயிலில் நின்று பார்க்கலாம்.

குச்சியின் நிழலை அளக்கலாம் என்றால் ஒரு சங்கடம் உண்டு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சியின் நிழல்முனை ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலாகத் தெரியும். அட்டையில் குண்டூசியால் ஒரு துளையிட்டு, அதைத் தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் படுக்கை வாட்டில் பொருத்துங்கள். நிழலின் நடுவே வட்டமான ஓர் ஒளிப்பொட்டு விழும். அது சூரியனுடைய பிம்பமே! துளையிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, கல் தொடும் இடத்தைக் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து ஒளிவட்டத்தின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கலாம். தரை சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பாதையில் மே 1 அன்று உண்மையான நண்பகல் நம் கடிகாரப்படி 12 மணி 16, 17 நிமிடத்துக்கு வரும். பன்னிரண்டு மணியிலிருந்தே நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி வைத்துக்கொண்டு வந்து, தூரம் மிகக் குறைவாக உள்ள புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர், குமரி இரண்டிலும் ஒரே நாளில் அளப்பது எப்படி? நீங்கள் கன்னியாகுமரியில் இருக்கும் நாளில் வீட்டில் தங்கிவிட்ட பாட்டி ஓசூரில் அளக்கட்டும். முறையை முன்கூட்டியே செய்து காட்டிவிட்டு வந்தால் போதும். தொலைபேசியில் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து கரூர், திண்டுக்கல் என்று போகும்போது சாலையில் தூரத்தே தண்ணீர் தேங்கியதுபோல் கானல் நீர் பளபளக்கும். சூடான தாரை ஒட்டிய காற்று அடர்த்தி குறைந்துவிடுவதால் வானத்தின் ஒளி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது, வேறொன்றுமில்லை. சாப்பிட இறங்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. குட்டித் தம்பி தூங்குகிறான் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வேனில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் உட்புறம் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி சூடேறக்கூடும். சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட விரைவாகச் சூடாகும். தூக்கம் கலைந்து அழுதாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போங்கள்.

இதே திக்கில் நமக்கு முன்னே அளந்துகொண்டு போனவர் ஒருவர் உண்டு. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து தம் வேலையைத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டே அளந்தார்கள். பிறகு 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் குன்றுகள், கோபுரங்கள் மேல் ஏறிக் கோணங்களை அளந்து, முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாகத் தென்கோடி வரை கோத்தார். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன்! 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அசரவில்லை, வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தாமே செப்பனிட்டார். பின்பு வடக்கு நோக்கி அளந்துகொண்டு போனவர் 1823-இல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் காலமானார். அந்த ஊரும் நம் நெடுஞ்சாலை 44-இல்தான் இருக்கிறது.

விருதுநகர் தாண்டினால் கரிசல் காடு. மழைநீரைக் குடித்து உப்பி, கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் இது. இதன்மேல் போட்ட சாலை அலைஅலையாக நெளிந்துபோவதற்கும் அந்த உப்பலும் சுருங்கலுமே காரணம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க நிறுத்தாவிட்டால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். நெல்லையில் தாமிரபரணி. காவல்கிணறு நெருங்கும்போது காற்றாலைகள் கூட்டமாக நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து இடைவெளி விடும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று நெருக்கியடித்துப் புகுந்து வேகமெடுக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால்தான் இங்கே இத்தனை காற்றாலைகள்.

குமரியில் கடலைப் பார்த்த மகிழ்ச்சியில் நண்பகலைத் தவறவிடாதீர்கள். மே 1 அன்று துளையின் உயரம் 100 செ.மீ. என்றால் குமரியில் 12.2 செ.மீ., ஓசூரில் 4 செ.மீ. கிடைக்க வேண்டும். டேன்ஜென்ட் அட்டவணையில் இவற்றுக்கு உரிய கோணங்கள் 6.95, 2.3 பாகைகள். வித்தியாசம் 4.65 பாகை. வேனின் மீட்டர் 600 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். அது சாலை வளைந்து வளைந்து வந்த தூரம், நமக்கு உதவாது. தேசப்படத்தில் அளவுகோல் வைத்தால் நேர்தூரம் சுமார் 515 கி.மீ. 4.65 பாகைக்கு 515 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? 39,870 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ.!

குமரியில் ஒரு செண்டிமீட்டர் குறைத்து அளந்துவிட்டால் விடை 45,000-ஐத் தாண்டிவிடும். பாட்டி இல்லாமல், புறப்படும் நாள் ஓசூரிலும் மறுநாள் குமரியிலுமாக நீங்களே அளந்தாலும் தவறிப்போகும். மே மாதத் தொடக்கத்தில் சூரியன் நாளொன்றுக்கு 0.3 பாகை வடக்கே நகர்வதால் விடை 37,500-க்கு இறங்கிவிடும். கோடையில் முடியாதவர்கள் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாம். டிசம்பர் 22-ஐ ஒட்டிச் சூரியன் தென்கோடியில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அடுத்தடுத்த நாள்களில் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அப்போது நிழல் வடக்கே விழும். ஓசூரில் 73 செ.மீ., குமரியில் 61 செ.மீ. வானத்தில் மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் போனால் பாட்டியையும் வேனில் ஏற்றிக்கொள்ளலாம்.