குற்றாலத்துல சித்திரை விசு... பஞ்சாபுல வைசாகி! ஊருக்குப் போக முடியாத சீக்கியர்கள் என்ன செய்வாங்க?

தென்காசி:

குற்றாலநாதர் கோவிலில் சித்திரை விசு திருவிழா களைகட்டும் அதே சமயத்தில்தான் பஞ்சாபில் வைசாகி பண்டிகையும் வருகிறது. அதெப்படி இரண்டும் ஒண்ணா வருது?

காரணம் சூரியன். மேஷ ராசிக்குள் சூரியன் நுழைவதை வைத்தே இரண்டுக்கும் நாள் குறிக்கிறார்கள். அதனால்தான் வருசா வருசம் ஏப்ரல் 13 அல்லது 14-ந்தேதியை ஒட்டியே வருகின்றன.

பஞ்சாபில் அது கோதுமை அறுவடை காலம். சீக்கியர்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1699-ம் ஆண்டு வைசாகி அன்றுதான் 10-வது குருவான குரு கோபிந்த் சிங், அனந்தபூரில் கால்சா அமைப்பை தொடங்கினார்.

3 நாள் பயணம்

தென்கோடியில் வேலை பார்ப்பவர்கள், லாரி ஓட்டி வருபவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போவது லேசுப்பட்ட காரியம் அல்ல. கன்னியாகுமரியில் இருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ரெயில் லூதியானா, ஜலந்தர் போய்ச்சேரவே ஏறக்குறைய 3 நாள் ஆகும். போக 3, வர 3 என்று லீவு ரெயிலிலேயே கரைந்து விடும்.

பங்கு போட்டுப் படிக்கலாம்

குரு கிரந்த சாகிப் 1,430 பக்கம் கொண்டது. இதை 48 மணி நேரம் விடாமல் படிப்பது 'அகண்ட பாத்'. அதற்கு மாற்றி மாற்றிப் படிக்க ஆள் வேண்டும். கெடு எதுவும் இல்லாமல் நிதானமாகப் படித்து முடிப்பது 'சகஜ் பாத்'. குடும்பம் ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் பக்கங்களைப் பங்கு போட்டுப் படிக்க இந்த முறை வசதியானது.

அமிர்தசரஸ் பொற்கோவில் கீர்த்தனையை சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 2023 ஜூலை முதல் தனது யூடியூப் சேனலில் நேரலையாக ஒளிபரப்புகிறது. அம்மா அங்கே கேட்பதை மகன் இங்கே அதே நேரத்தில் கேட்கலாம்.

குருத்வாராவுக்கே போக நினைப்பவர்களுக்கு ராமேசுவரம் இருக்கிறது. குருநானக் அங்கு வந்து சென்றதாக நம்பப்படுகிறது. அவர் நினைவாக அங்கே குருத்வாரா உள்ளது. சென்னையில் தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் ஒன்று இருக்கிறது.

நெய் மணக்கும் பிரசாதம்

வீட்டிலேயே செய்வது 'கடா பிரசாத்'. கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவு. திருநெல்வேலி அல்வாவுக்கு கோதுமைப் பால். இதற்கு மாவை நெய்யில் வறுத்துக் கிண்ட வேண்டும். சாதி, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுப்பதுதான் வழக்கம். சொந்தபந்தம் தூரத்தில் இருந்தால் என்ன, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்களே!

பஞ்சாப் எல்லையில் காவல் நிற்கும் நம்ம ஊர் ராணுவ வீரர்களுக்கும் இதே ஏக்கம்தான். விசு அன்னிக்கு அவங்களுக்கு அங்கே வைசாகி பிரசாதம் கிடைக்கும். இங்கே இருக்கும் சர்தார்ஜிக்கு நாமளும் ஒரு டம்ளர் பாயாசம் கொடுக்கலாமே!